பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அவருடைய கால் அதில்தான் குடியிருந்தது. தெருவைக் கடக்கலாமா என்று ஒரு நாய் யோசிப்பதற்குள் இவர் வண்டியை நிறுத்தியிருப்பார். பஸ்ஸில் போனாலும் கால் தரையை மிதிக்கும். தன்னிடம் கற்றவர் யாரும் விபத்தில் சிக்கியதில்லை என்று பெருமை பேசுவார். பாதிப்பேர் கற்று முடிப்பதற்குள் வெறுத்துப்போய் ஓடிவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அப்பேர்ப்பட்டவரை மகளின் கழுத்தில் வந்த ஒரு கட்டி ஆட்டிவைத்துவிட்டது. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவர் ஒருவருக்கு ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்து அவளேதான் கண்டுபிடித்தாள். சோதனைகள் முடிந்து புற்றுநோய் என்றார்கள். குணமாக நல்ல வாய்ப்பிருக்கிறது என்றும் சொன்னார்கள். முதல் பாதி காதில் விழுந்ததுமே மாஸ்டரின் காது அடைத்துக்கொண்டது.

அந்த நிலையில்தான் டாக்டரம்மா இன்னொரு விஷயத்தைத் தூக்கிப் போட்டார்.

"மருந்து ஏத்தினா கட்டி கரையும். ஆனா அது கருமுட்டையையும் பாதிக்கலாம். பின்னாடி குழந்தை பிறக்கிறது கஷ்டமாயிடலாம்" என்றார் மகளைப் பார்த்து. "நீங்க விரும்பினா, முன்னாடியே கொஞ்சம் கருமுட்டைய எடுத்து உறைய வச்சிடலாம். அதுக்கு ரெண்டு வாரம் போல ஊசி போடணும். உங்க நிலைமையில சிகிச்சை அவ்வளவு தள்ளிப்போனா ஆபத்தில்ல. குழந்தை நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். ஆனா சீக்கிரம் சொல்லணும்."

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உயிரைக் காப்பாற்ற வந்த இடத்தில் குழந்தைப் பேச்சு எதற்கு? கல்யாணமே ஆகவில்லையே. எடுத்தால் அவளுக்குள் இருப்பது குறைந்துவிடாதா? அதை எங்கே வைப்பார்கள்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "கரண்ட்டு போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டுவைத்தார்.

"அது பெரிய குடுவையில, ரொம்பக் குளிர்ந்த திரவத்துக்குள்ள இருக்கும்ங்க. கரண்ட்டு போனா ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல். மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். மாஸ்டர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். தள்ளிப்போடலாம் என்கிறார்கள், தள்ளிப்போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? ஆபத்தில்லை என்கிறார்கள், அப்படியென்றால் எதற்குச் சீக்கிரம் என்கிறார்கள்? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது.

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றார் மனைவி.

"சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

பதில் தெரியாதபோது மாஸ்டர் செய்யும் காரியம் ஒன்றுதான். மறுநாள் பயிற்சியின் நடுவிலேயே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பேக்கரிக்காரர், புதியவர்.

"அந்த ஊசியெல்லாம் வேண்டாம்ங்க. நேரா மருந்த ஆரம்பிச்சிடுங்க. ஆமா, நான் அவ அப்பாதான். வேண்டாம்னா வேண்டாம்."

வண்டி உறுமியது, ஓரங்குலம்கூட நகரவில்லை. பேக்கரிக்காரர் வியர்த்துப்போய், "மாஸ்டர், நானும் ஆக்சிலேட்டர மிதிச்சிக்கிட்டேதான் இருக்கேன். உங்க கால்..." என்று இழுத்தார். குனிந்து பார்த்தால், பிரேக் அடி மட்டத்துக்கு அமுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் விவரம் தெரிந்தவர்கள். அன்றைக்கே நர்ஸ் மகளுக்கு போன் செய்து, "உங்கப்பா வேண்டாம்னு சொன்னாரு. நாங்க உங்க வாயால கேக்கணும்மா" என்றார்.

மாஸ்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவள் முகமே சொன்னது.

"உன் உசுரவிட எனக்கு எதுவும் பெருசில்லம்மா" என்றார் முந்திக்கொண்டு. "பேரனும் வேண்டாம், பேத்தியும் வேண்டாம். எனக்கு நீ ஒருத்தி போதும்."

"உங்களுக்கு நான் போதும். எனக்கு?"

மகள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் குழந்தை வேணுமா வேண்டாமான்னே தெரியலப்பா. நேத்துலேருந்து யோசிக்கிறேன், ஒண்ணும் பிடிபடல. இப்பப் போயி நான் எப்படி முடிவு பண்ணுவேன்? கருமுட்டைய எடுத்து வைக்கட்டும், அது இப்போதைக்குப் பத்திரமா இருக்கட்டும். அப்புறமா வேண்டாம்னு தோணினா, நானே வேண்டாம்னு சொல்லிக்கிறேன்."

"தள்ளிப்போட்டு ஏதாவது ஆயிட்டா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்க பயத்தையும் சேர்த்து என்னால சுமக்க முடியாதுப்பா."

முதல் ஊசிக்குப் போகும் நாளில் வீட்டு வாசலில் பயிற்சிக் கார்தான் நின்றது. மகள் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் இந்தக் காரில்தான் கற்றாள். தானாக பிரேக் பிடிக்க அப்போது அவளுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. மாஸ்டர் பக்கத்தில் ஏறினார். கால் பழக்கத்தில் தன் இடத்துக்குப் போனது.

"அப்பா, கால மேல தூக்கி வையுங்க."

"எங்க?"

"சீட்டு மேல. சம்மணம் போட்டு உக்காருங்க."

ஆயுளில் பாதியை அந்த இருக்கையில் கழித்தவர், முதல் தடவையாக அதில் சம்மணம் போட்டார். முழங்கால் கதவில் இடித்தது. சந்தைத் திருப்பத்தில் ஒரு லாரி குறுக்கே மூக்கை நுழைத்தது. மாஸ்டரின் கால் துடித்தது, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கார் நின்றது. நிறுத்தியது அவள். லாரி போனதும் வண்டியைக் கிளப்பினாள்.

செய்வது சரியா தப்பா என்று ஆஸ்பத்திரி வாசல் வரை மாஸ்டருக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது என்பது மட்டும் விளங்கியது. வண்டியை நிறுத்திவிட்டு, "இறங்குங்கப்பா" என்றாள்.

அவர் எழப் பார்த்தார். முடியவில்லை.

"கால் மரத்துப்போச்சும்மா."

இத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. கதவைப் பிடித்தபடி தயங்கி நின்றாள். நர்ஸ் உள்ளிருந்து கையசைத்துக் கூப்பிட்டார்.

"நீ போம்மா" என்றார் மாஸ்டர். "நான் மெதுவா வரேன்."