பக்கத்து நாட்டு மாமா

போன வாரம் முழுக்க என் வண்டியின் பின் சீட்டில் ஒரே சண்டை.

சண்டை போட்டவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். ஒருவர் பாப். அமெரிக்கர், நல்ல குண்டு, மயிலாப்பூரில் பேசினால் மந்தைவெளியில் கேட்கும். இன்னொருவர் கார்டன். ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி, மெல்லிய குரல். சட்டைப் பையின் மேல் சிவப்பு இலை ஒன்றை ஊக்கில் குத்தியிருப்பார். கனடா நாட்டுக் கொடியில் இருக்கும் இலை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் டூரிஸ்ட் காரும் பழக்கம், என் இங்கிலீஷும் பழக்கம். அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் நான். ஆனால் வருஷக்கணக்கில் பின் சீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, இங்கிலீஷ் காது வழியாக உள்ளே போய்விட்டது. வாய் வழியாக வெளியே வரத்தான் வெட்கப்படுகிறது.

பாப்பின் மகள் எமிலிக்கும் நம்ம மயிலாப்பூர் பையன் ரகுவுக்கும் கல்யாணம். அமெரிக்காவில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள். பாப், அவர் மனைவி லிண்டா, எமிலி, கூடவே கார்டன் - நாலு பேரும் தி.நகரில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என் வண்டியை மொத்தமாகப் பேசிவிட்டார்கள்.

முதல் நாள் பாண்டி பஜார். வளையல்காரர் "ஹலோ அமெரிக்கா, வாங்க வாங்க" என்றார்.

கார்டன் நின்றார். "சாரி, நான் அமெரிக்கா இல்லை. கனடா."

"ஓகே சார். கனடா... அது அமெரிக்காவுல எந்தப் பக்கம்?"

பாப் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைப் புறா பறந்தது. கார்டன் விடவில்லை. கொய்யாப்பழக்காரம்மா, செருப்பு தைப்பவர், டிராபிக் போலீஸ்காரர் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாக நின்று திருத்தினார்.

"இவன் அந்த இலையைக் குத்திக்கொண்டுதான் குளிப்பான், ஏகா" என்றார் பாப் என்னிடம். என் பெயர் ஏகாம்பரம். அவர் நாக்குக்கு அதில் பாதிதான் கிடைத்தது. "வெளியூரில் எங்களைத் திட்டுகிறவர்கள் இவனையும் சேர்த்துத் திட்டிவிடக் கூடாதாம்."

"நீ கொஞ்சம் மெதுவாகப் பேசினால் உன்னை ஏன் திட்டப் போகிறார்கள்?" என்றார் கார்டன்.

இப்படியே நாள் முழுக்க. காலைக் காபியில் ஆரம்பித்தால் ராத்திரி ரூம் சாவி வாங்கும் வரைக்கும்.

ஆனால் நடுநடுவே வேறு விஷயங்களும் காதில் விழுந்தன. இருவர் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆறு. இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா, நடுவில் ஒரு பாலம். எமிலி சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி கார்டன் வீட்டுக்குப் போய்விடுவாளாம். பாலத்து அதிகாரி, "அம்மணி, வெளிநாட்டிலிருந்து என்ன கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்பாராம். அவள் பாதி கடித்த பிஸ்கட்டைக் காட்டுவாளாம்.

இரண்டு நாட்டுக்கும் தேசிய தினம் சில நாள் வித்தியாசத்தில் வருகிறது. கனடா வாணவேடிக்கை விடும் அன்று இரண்டு குடும்பமும் பாப் வீட்டுக் கரையில் உட்காருமாம். அமெரிக்கா விடும் அன்று கார்டன் வீட்டுக் கரையில். ஏன்? எதிர்க்கரை வாணம்தான் தண்ணீரில் இரண்டாகத் தெரியுமாம்.

நம் ஊரில் எதிர்வீட்டுக்காரன் வாணம் விட்டால் முதலில் நாம் பார்ப்பது வானத்தையா, நம் வீட்டுக் கதவையா?

சரி... கல்யாணத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றுக்கும் மைதிலி அத்தைதான். ரகுவின் அப்பாவுடைய அக்கா. அமெரிக்கப் பெண் என்றதும் சொந்தத்தில் பாதிப்பேர் முகம் சுளித்தார்களாம். அத்தை ஒற்றை ஆளாக நின்று, "முறைப்படி, ஒண்ணு குறையாம நடத்திக் காட்டறேன்" என்று சொல்லி எல்லோரையும் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

அவர்கள் முறையில் மாலை மாற்றும்போது பெண்ணை அவள் மாமா தோளில் தூக்க வேண்டும். மாப்பிள்ளையை அவன் மாமா தூக்குவார். அத்தை கார்டனைக் காட்டி, இவர்தான் தூக்குவார் என்று எமிலியிடம் சொல்லிவிட்டார். அவரைப் பிடித்துப்போய் ஒரு மரியாதை செய்கிறார்கள் என்று எமிலி நினைத்துக்கொண்டாள். வண்டியில் அதைக் கார்டனிடம் சொன்னாள். லஸ் பக்கம் வரும்போது கண்ணாடியில் பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஓட்டல் வாசலில் பயிற்சி. பெண்ணைத் தூக்கிப் பழகக் கூடாதாம். ஆகவே பாப் முன்வந்தார்.

"என்னைத் தூக்கிவிட்டால் அப்புறம் யாரை வேண்டுமானாலும் தூக்கலாம்."

"உன்னைத் தூக்கக் கிரேன் வேண்டும்" என்றார் கார்டன். ஆனாலும் குனிந்தார். பாப் தோளில் ஏறினார். இரண்டு பேரும் மெதுவாகச் சாய்ந்து என் வண்டியின் பானெட் மேல் விழுந்தார்கள்.

வாட்ச்மேன் என்னிடம் வந்தார். "இன்னா நைனா, ரெண்டு பெர்சும் காலங்காத்தால குஸ்தி போட்டுக்கினு கீது?"

"கல்யாண வேலைப்பா."

"இதுல மாப்ள யாரு?"

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் விஷயம் வெடித்தது. பழத்தட்டுகளை இறக்கிவைக்க நானும் அத்தை வீட்டு ஹாலுக்குப் போயிருந்தேன். திருச்சியிலிருந்து வந்திருந்த ரகுவின் பெரியப்பாவிடம் அத்தை பெருமையாகச் சொன்னார்:

"இவர்தான் பொண்ணோட மாமா. அமெரிக்காவுலேர்ந்து வந்திருக்கார்."

மற்றது புரியாவிட்டாலும் அமெரிக்கா என்ற சொல் கார்டன் காதில் விழுந்துவிட்டது. பழக்கதோஷம். இலையைத் தொட்டுக் காட்டினார்.

"சாரி, நான் அமெரிக்கா இல்லை. கனடா."

பெரியப்பா இங்கிலீஷில் கேட்டார், "அக்கா அமெரிக்கா, தம்பி கனடாவா?"

"அக்காவா? இல்லை, இல்லை. நான் பக்கத்து வீடு."

பெரியப்பா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மைதிலி, நீ மாமான்னு சொன்னியே?" என்றார் பெரியப்பா.

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "பின்ன? வந்ததுலேர்ந்து பொண்ணோட அப்பாவை இப்படிக் கிண்டல் பண்ணிண்டிருக்காரே... மச்சினனைத் தவிர வேற யாருக்கு அந்தத் தைரியம் வரும்?"

யோசித்துப் பார்த்தால் தப்பே இல்லாத கணக்கு. கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பாவை வாய் ஓயாமல் ஓட்டுகிறவர் யார்? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும்.

லிண்டாவுக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. அது இப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பெரியப்பா ஒரு வழி சொன்னார். "அடையாறுல நம்ம சேகர் இருக்கான். ஜிம்முக்கெல்லாம் போறான். அவன் தூக்கட்டும்."

எமிலி தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அவர் இல்லேன்னா எனக்கு யாரும் வேண்டாம், அத்தை. நான் கீழேயே நின்னுக்கறேன்."

"கீழ நிப்பியா? நின்னா நாலு பேர் என்னடி சொல்லுவா? பொண்ணைத் தூக்க ஒரு நாதி இல்லைன்னு சொல்லுவா. அதுக்கா நான் இத்தனை பேரோட மல்லுக்கு நின்னேன்?" சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார்.

எமிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்டனிடம் அரைகுறையாக விளக்கினாள். அவர் ஹாலில் இருந்த ஒவ்வொருவரிடமும் சாரி சொன்னார். என்னிடம்கூட. நான் வாழைத்தாரோடு நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது வண்டியில் சண்டை இல்லை. பாப் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்தார், கார்டன் இன்னொரு ஜன்னல் வழியாக. எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை. வேண்டுமென்றே இரண்டு தடவை ஹாரன் அடித்தேன்.

ஓட்டலில் எல்லோரும் இறங்கினார்கள். கார்டன் மட்டும் இறங்கவில்லை.

"ஏகா, அந்த அம்மாவைப் பார்க்க மறுபடி போகலாமா? நீதான் எனக்காகப் பேச வேண்டும்."

நானா? வீட்டில் பால்காரரிடம் பேசக்கூட மனைவியை அனுப்புகிறவன் நான். ஆனால் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல வரவில்லை. வண்டியைத் திருப்பினேன். வழியில் அவர் சட்டையிலிருந்து அந்த இலையைக் கழற்றிப் பைக்குள் போடுவதைப் பார்த்தேன்.

அத்தை தேங்காய்களுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். கார்டன் நின்றபடியே இரண்டு வாக்கியம் பேசினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாமி... இவர் இன்னா சொல்றார்னா... நாளைக்கு ஒரு நாள் அமெரிக்காக்காரரா இருந்துக்கிறாராம்."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு மாமாவா இருக்கிறதுக்கு. வேற நாடுங்கிறதாலதானே வேணாம்னுட்டீங்க, அப்டின்னு நெனைச்சிக்கினு கீறார். கனடாவை விட்டுட்டு வந்துட்டா ஒத்துப்பீங்களான்னு கேக்கறார்."

அத்தை நிமிர்ந்தார். கார்டனின் சட்டையைப் பார்த்தார். இலை இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைதான் இருந்தது. மஞ்சள் கையாலேயே கண்ணைத் துடைக்கப் போய், புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"அசடு... அவர்கிட்ட சொல்லுங்கோ, ஏகாம்பரம். அவர் அமெரிக்காவா மாறினார்னா பொண்ணோட அப்பா பக்கத்து மனுஷாளா ஆயிடுவார். அப்பா பக்கம்னா சித்தப்பா. சித்தப்பாவுக்குத் தூக்கற பாத்யதை கிடையாது. மாமான்னா எப்பவுமே வேற வீடாத்தான் இருக்கணும். வேற ஆம், வேற கோத்ரம். இவா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ஆறே ஓடறதுன்னு எமிலி சொன்னாளே."

"ஆனா கூடப்பொறந்தவர் இல்லியே, மாமி?" கேட்டது நான்தான். எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"இல்லைதான். கூடப்பொறந்தவனே சீருக்குப் பயந்து கல்யாணத்தன்னிக்கு ஜுரம்னு படுத்துக்கற காலம் இது. இவர் தேசத்தையே விட்டுக்கொடுக்கறேன்னு வாசல்ல வந்து நிக்கறார். இதுக்கு மேல என்ன மாமா வேணும்? கல்யாணம் பண்ணிவைக்கற வாத்தியாரை நான் பார்த்துக்கறேன். முதல்ல அந்த இலையை எடுத்துக் குத்திக்கச் சொல்லுங்கோ."

என் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. "சார், கனடா ஓகே. அமெரிக்கா நாட் ஓகே" என்றேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை சிரித்ததும் புரிந்துகொண்டார்.

மறுநாள் கார்டன் பஞ்சகச்சத்துக்கு மேல் தோல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தார். முன்னெச்சரிக்கையாம். எமிலியை ஒரே மூச்சில் தூக்கிவிட்டார். ஆனால் மாலை மாற்றும்போது பெண்ணின் மாமா கொஞ்சம் பின்வாங்கி, மாப்பிள்ளையை அலையவிட வேண்டும். இவர் மரியாதையாக அப்படியே நின்றார். ரகு சிரமமே இல்லாமல் முதல் மாலையைப் போட்டுவிட்டான். பெண்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு.

கூட்டத்திலிருந்து பாப் குரல் கொடுத்தார். "கார்டன், நீ கோல் கீப்பர். கோல் விடாதே."

அவ்வளவுதான். அந்த மனுஷர் பனியில் ஹாக்கி ஆடியவராம். எமிலியோடு இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், நாதஸ்வரக்காரரைச் சுற்றி வந்தார். ரகுவைத் தூக்கிய மாமாவுக்கு மூச்சு வாங்கியது. பெரியப்பா நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார். எமிலி மேலே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று முதல் எனக்கு ஒரே யோசனை. பக்கத்தில் இருக்கிறவனை நாம் எப்போதும் பங்காளியாகவே பார்க்கிறோம். பங்காளி என்றால் பங்கு கேட்பான், பொதுச்சுவரில் ஆணி அடித்தால் கேஸ் போடுவான். வீடாக இருந்தாலும் அப்படித்தான், நாடாக இருந்தாலும் அப்படித்தான். அதே பக்கத்து வீட்டுக்காரனை மாமன் மச்சானாக வைத்துக்கொண்டால் என்ன? வாய் நிறையக் கிண்டல் பண்ணலாம், ஒரு நல்லநாளில் தோளும் கிடைக்கும். அந்த ஆற்றங்கரைக்காரர்கள் இதை எந்த வாத்தியாரையும் கேட்காமலே செய்திருக்கிறார்கள்.

மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப அத்தையும் வந்தார். கார்டன் ஒரு பக்கத் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அத்தை ஒரு தைலப் பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவர்கிட்ட சொல்லுங்கோ. தூக்கினதோட முடிஞ்சு போயிடாது. சீமந்தம் வரும், குழந்தைக்குப் பேர் வைக்கறது வரும். எல்லாத்துக்கும் மாமா முன்னாடி நிக்கணும்."

"என்ன சொல்கிறார்கள், ஏகா?" என்றார் கார்டன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "சார், மாமாவுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது."