ஒகாயோவில் இராகு காலம்

ஆறு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு ஒரு நீலப் பை வரும். அதற்குள் பதினான்கு பெண் பிள்ளைகளின் சேறு பிடித்த ஜேர்சிகள் இருக்கும். டென்மார்க்கில் பிள்ளையை உதைபந்தாட்டக் கழகத்துக்கு அனுப்பினால், அணியின் உடுப்பைப் பெற்றோர் முறை வைத்துத் தோய்த்துக் கொடுக்க வேண்டும். வைத்தியரின் மகள் போட்டதும், தச்சரின் மகள் போட்டதும், பஸ் சாரதியான என்னுடைய மகள் போட்டதும் ஒரே மெஷினில் ஒன்றாகச் சுழலும். யார் உடுப்பை யார் தோய்ப்பது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் எத்தனை சட்டம் வைத்திருந்தோம்! நாங்கள் இருக்கும் ரண்டர்ஸ் நகரில் ஒரு நீலப் பை ஒரு பேச்சும் இல்லாமல் அதையெல்லாம் முடித்துவைத்தது. ஆனால் அந்தப் பையில் எனக்கு விளங்காத ஒன்றும் இருந்தது. பதினைந்தாவதாக ஒரு ஜேர்சி, முதுகில் இலக்கம் இல்லாதது. அதை ஒரு பிள்ளையும் போட்டு நான் கண்டதில்லை. மற்றவற்றோடு கிடந்து சேறு பூசிக்கொள்வதால் அதையும் சேர்த்துத் தோய்க்க வேண்டும். "ஒருத்தரும் போடாத உடுப்பை ஏனப்பா தோய்க்கிறது?" என்று என் மனைவி ராஜி ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஒருநாள் பயிற்சியாளர் லோனவிடம் கேட்டேன். "யாராவது வரலாம்" என்றார். டெனிஷ்காரர் இரண்டு சொல்லில் பதில் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை.

அந்த லோனதான், போர் முடிந்த ஆண்டின் சித்திரை மாதத்தில், கல்யாணத் தரகர் மாதிரி எங்கள் வீட்டுக்கு ஒரு பேச்சுக்கால் கொண்டுவந்தார்.

எங்கள் ஒரே மகள் ஆரணிக்கு அப்போது பதினைந்து வயது. இடப்பக்கம் ஓடுபவள், இலக்கம் ஏழு. முந்திய கோடையில் நடந்த ஒரு சுற்றுப்போட்டியில், ஒகாயோ மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மையார் அவளைப் பார்த்திருக்கிறார். பிடித்துப்போயிற்று. ஆரணி இப்போதே "ஓம்" என்று சொன்னால், நான்கு வருடம் கழித்து அவளுக்கு அணியில் ஓர் இடமும் படிக்கப் புலமைப்பரிசிலும் வைத்திருப்பாராம். வைகாசி நடுப்பகுதிக்குள் பதில் வேண்டும். இல்லாவிட்டால் நோர்வேயில் ஒரு பிள்ளை காத்திருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு லோன ராஜி வைத்த வடையில் மூன்றாவதை எடுத்தார்.

"அமெரிக்காவிலை பதினாலு பதினைஞ்சு வயசிலேயே இப்பிடிச் சொல்லி வைக்கிறவையாமோ?" என்று ராஜி என்னிடம் தமிழில் கேட்டாள். "நாங்கள் உந்தப் பழக்கத்தை விட்டு எவ்வளவு காலம். அவை இப்பதான் தொடங்கியிருக்கினம்."

அதற்குப் பிறகு லோன சொன்ன ஒவ்வொன்றும் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதையாக இருந்தது. பிள்ளையின் வயது காரணமாக, அந்த அம்மையார் எங்களுக்குத் தொலைபேசி எடுக்கக் கூடாதாம், கடிதமும் போடக் கூடாதாம், அது அவர்களின் விதி. நாங்கள் அவருக்கு எடுக்கலாமாம். எடுத்தால் அவர் பேசலாமாம். எப்போது எடுக்க வேண்டும் என்பதை லோன வந்து சொல்வாராம். இரு பக்கத்துக்கும் நேரடியாகப் பேச்சில்லை, நடுவில் ஒரு தரகர். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில், எங்கள் பெரியக்காவுக்கு வந்து குழம்பிப்போன நான்கு சம்பந்தங்களும் இந்த விதிப்படிதான் நடந்தன. நான் லோனவுக்கு இன்னொரு வடை வைத்தேன்.

"ஆக்கள் எப்பிடி எண்டு ஆரிட்டை விசாரிக்கிறது?" என்றாள் ராஜி. நான் மொழிபெயர்த்தேன். பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் எல்லாம் இருக்கிறது என்றார் லோன.

"அது அவை தங்களைப் பற்றித் தாங்களே எழுதினது" என்றாள் ராஜி. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ராஜியின் தம்பி சிவம் ரொறன்ரோவில் இருக்கிறான். அங்கிருந்து அந்த ஊர் காரில் ஆறு மணித்தியாலம். "மாப்பிள்ளை வீடு பார்க்க" என்று சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் போனான். மனைவியையும் கூட்டிக்கொண்டு, பெட்டியில் புட்டும் கட்டிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை எல்லை கடந்து போய், பல்கலைக்கழக வாசலில் இருந்த பெற்றோல் நிலையத்தில் விசாரணையைத் தொடங்கியிருக்கிறான். மாலையில் அறிக்கை வந்தது. "அத்தான், ஆக்கள் நல்ல ஆக்கள். பெட்டையளின்ரை விடுதி வாசலிலை காவல் இருக்கு. புல்லுக் கம்பளம் மாதிரி, தொட்டுப் பாத்தன், பிளாஸ்டிக்கு. சோறுதான் அரை அவியல். அந்தப் பயிற்சிக்காற மனிசியையும் தூரத்திலை நிண்டு பாத்தனான். ஐம்பது வயசிருக்கும், காற்சட்டையோடை பிள்ளையளுக்கு முன்னாலை ஓடுறா." குலம் கோத்திரம் எல்லாம் திருப்தி என்று ராஜி முடிவுசெய்தாள்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்து எழுதுகிறேன். ஆனால் அந்த வாரங்களில் எங்கள் வீடுகளில் சிரிப்பு இருக்கவில்லை. எல்லாத் தமிழ் வீட்டிலும் தொலைக்காட்சி அணைக்கப்படாமல் கிடந்தது. எங்கள் நெருங்கிய உறவில் சண்டை நடந்த வன்னிக்குள் ஒருவரும் இல்லை. அங்கே உறவு இருந்தவர்களின் வீடுகளுக்குப் போவோம், கொஞ்ச நேரம் கூட இருந்து செய்தி பார்ப்போம், எழுந்து வருவோம். அப்படி வந்த ஒரு மாலை ஆரணி குசினிக்குள் நின்று டெனிஷில் கேட்டாள். "அப்பா, இந்த நேரத்தில் எனக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று நான் நினைப்பது பிழையா?" "பிழையில்லை பிள்ளை" என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

லோன தந்த நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. ராஜி நாட்காட்டியைப் பார்த்தாள், எங்களுக்கு நல்ல நேரம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்கை அப்ப எத்தினை மணி?"

"பகல் பதினொண்டு."

"வெள்ளி பத்தரையிலை இருந்து பன்னிரண்டு வரைக்கும் இராகு காலமெல்லோ!"

இப்படி ஒரு சிக்கலை எந்தப் பஞ்சாங்கக்காரரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். ரண்டர்ஸில் இராகு போய்விட்டான், ஒகாயோவில் அப்போதுதான் கதிரை போட்டு இருக்கிறான். எந்த ஊர் இராகு செல்லும்? கேட்பவரின் ஊரா, சொல்பவரின் ஊரா? பக்கத்து நகரமான ஓகூஸில் இருக்கும் கோயில் ஐயருக்கு எடுத்துக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "வாக்குச் சொல்லுற வாய் எங்கை இருக்குதோ அங்கத்தை நேரம்தான்" என்று தீர்ப்பளித்தார். வாக்குச் சொல்லப்போவது ரண்டர்ஸில் இருக்கும் ஆரணிதானே, சரி என்று ஐந்து மணிக்கே எடுத்தோம்.

நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். தொலைபேசியில் அது தெரியாது என்று ஆரணி சொன்னதைப் பொருட்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பேச்சும் எழுதி வைத்திருந்தேன். அதற்கு இடமே வரவில்லை. அம்மையார் கேட்டார், ஆரணி "யெஸ்" என்றாள், அந்தப் பக்கம் ஒரு கூச்சல், எல்லாமாக நான்கு நிமிடம். கடைசியில் நான் முன்னால் குனிந்து, "மேடம், பத்திரம் எப்போது அனுப்புவீர்கள்?" என்று கேட்டேன். பத்திரம் கடைசி வருடத்தில்தான், இப்போது வாய்ச்சொல் மட்டும்தான் என்றார். "நாங்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறோம்" என்றார்.

காட்டுக்குள் ஒரு மணித்தியாலம் நடக்கக் கூட்டிப்போவதற்கே மூன்று படிவத்தில் பெற்றோரின் கையெழுத்துக் கேட்கும் நாட்டில் இருபத்துமூன்று வருடம் இருந்துவிட்டேன். உலகத்தில் இன்னும் வாய்ச்சொல்லை மதிக்கிற சனம் இருக்கிறதே! "வாய்ச்சொல் என்றால் எந்தப் பக்கமும் விலகலாம் என்று அர்த்தம்" என்று லோன அடுத்த பயிற்சியன்று எச்சரித்தார். டெனிஷ்காரருக்கு எழுத்தில் இல்லாத எதிலும் நம்பிக்கை இல்லை, பாவம் என்று எண்ணிக்கொண்டேன். "வாக்குக் குடுத்தால் குடுத்ததுதான். உயிர் போனாலும் மாறக் கூடாது" என்று ஆரணியை இருத்தி வைத்து ஒரு பிரசங்கமும் செய்தேன். அவள் விளையாடும்போது கட்டும் கால்பட்டியை மடியில் வைத்துச் சேறு சுரண்டியபடி கேட்டாள்.

நாலைந்து நாளில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். நான் அன்று பஸ் ஓட்டவில்லை. அடுத்த நாள் கொக்குவிலில் இருந்து பெரியக்கா எடுத்தார். கல்யாணம் செய்யாமல், படிப்பித்து ஓய்வுபெற்று, பெற்றோர் விட்ட வீட்டில் தனியே இருப்பவர். கம்பஸில் படிக்கும் பிள்ளைகளுக்கு அறைகளை வாடகைக்கு விடுவார், ஒரேயொரு அறையைத் தவிர.

"சண்டை முடிஞ்சுதாமடா" என்றார். சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை, வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற குரல். "எப்ப வாறாய்?"

எண்பதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், ஒரு பையோடு நான் புறப்பட்ட காலையில் கோண்டாவில் ஸ்ரேசன் வரைக்கும் அக்கா சைக்கிளில் கூடவந்தார். "சண்டை முடிஞ்ச உடனை வந்திடுவன். என்ரை அறையை ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ" என்று சொன்னேன். இரண்டு வருடத்தில் முடியும் என்று நினைத்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்தான். அக்கா எத்தனை இடம்பெயர்வுக்குப் பிறகும் திரும்பி வந்து அந்த அறையைக் கூட்டிப் பூட்டி வைத்திருந்தார்.

"வாறன் அக்கா" என்றேன். "லீவு கேட்டுப் பாக்கிறன். ஆரணிக்குச் சோதினை வருது. கொழும்பிலை இறங்கினா என்ன மாதிரியோ தெரியேல்லை. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்." அக்கா "ம்" என்றார். அந்த வருடம் முழுக்க அவர் எடுக்கும்போதெல்லாம் நான் லீவைப் பற்றியே பேசினேன்.

அடுத்த வசந்தத்தில், நீலப் பை எங்கள் முறைக்கு வந்த ஒரு நாள், லோனவும் கூட வந்தார். வடையைத் தொடவில்லை. ஒகாயோ அம்மையார் வேறு மாநிலத்தில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் தன் அணிக்குப் பிள்ளைகளைத் தானே தெரிவுசெய்வாராம். ஆரணியின் இடம் இல்லை.

"வாக்குத் தந்தவ எல்லோ!" என்று ராஜி கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னனான், அங்கத்தை இராகுவைத்தான் பாத்திருக்கோணும். உங்கடை ஐயருக்கு என்ன தெரியும்!" என்றாள்.

ஆரணி மட்டும் தோளைக் குலுக்கினாள். "அப்பா, அது சும்மா வாயால சொன்னதுதானே" என்றாள், எனக்கு உறைக்க வேண்டும் என்றோ என்னவோ, தமிழில். ஆனால் அன்று பயிற்சிக்குப் போகவில்லை. மழை பெய்தாலும் காய்ச்சல் என்றாலும் போகிற பிள்ளை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். எனக்குத் தாங்கவில்லை. அம்மையாரின் இலக்கத்துக்கு எடுத்தேன். கோபத்தை ஆங்கிலத்தில் எழுதியே வைத்திருந்தேன். அவரோ அன்பாகப் பேசினார்; புது வேலை, தூர மாநிலம், தன் பிள்ளைகளின் படிப்பு என்று விளக்கினார். ஆரணி நல்ல பிள்ளை, வேறு இடம் கிடைக்கும் என்றார். "இப்படி நடக்கிறதுதான். யாரிலும் பிழை இல்லை" என்றார். ஒருவன் சண்டைக்கு வந்திருக்கிறான் என்பதே அவருக்குத் தெரியவில்லை. நானும் பழக்கதோசத்தில் "தேங்க் யூ மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு கொதித்தேன். வேலை, மாநிலம், பிள்ளைகள் என்று எத்தனை நல்ல காரணங்கள் சொன்னார் அந்த மனிசி! எல்லாமே எங்கேயோ கேட்ட காரணங்களாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவை யாருடையவை என்பது பிடிபட்டது. வெட்கமாக இருந்தது. அதே கதிரையில் இருந்து அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, இனி என்ரை அறையைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கோ."

அக்கா சிரித்தார். "அதைப் போன புரட்டாதியிலேயே குடுத்திட்டனடா. கிளிநொச்சிப் பிள்ளை ஒண்டு இருக்கு, கம்பஸுக்குப் போகுது. நல்ல பிள்ளை."

இருபத்துமூன்று வருடம் வைத்திருந்ததைப் போர் முடிந்து நான்கு மாதத்தில் கொடுத்துவிட்டார்.

"சண்டை நடக்கேக்கை உன்னாலை வரேலாது எண்டு தெரியும். அதாலை வைச்சிருந்தன்" என்றார். "சண்டை முடிஞ்ச பிறகும் நீ லீவுக்கதை கதைச்சாய். அப்பதான் எனக்கு விளங்கினது."

"கோவமோ அக்கா?"

"சீச்சீ. உப்பிடி நடக்கிறதுதானே. நீ வந்தால் ஹோலுக்குள்ளை படுக்கலாம். பாய் இருக்கு."

மெஷின் நின்றுவிட்டிருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். வெயில் வந்திருந்தது, காற்றும் இருந்தது. ஒன்றாம் இலக்கத்தில் இருந்து வரிசையாகக் கொடியில் போட்டேன். ஆரணியின் ஏழு நடுவில் வந்தது. அதை ஒருமுறை கூடுதலாக உதறினேன். பதினான்கும் முடிய, கூடையின் அடியில் இலக்கம் இல்லாதது ஈரமாகக் கிடந்தது. அதை எடுத்து, சுருக்கம் நீவி, கொடியின் கடைசியில் இடம் ஒதுக்கி, மற்றவற்றுக்கு ஒவ்வொரு கிளிப் போட்ட நான் அதற்கு இரண்டு போட்டேன்.

குசினி யன்னலால் ராஜி எட்டிப் பார்த்தாள். "ஒருத்தரும் போடாத உடுப்புக்கு என்னப்பா இவ்வளவு பக்குவம்?"

"ஆராவது வரலாம்" என்றேன்.