நாலாம் மேசைக்காரியின் எண்பது நாள்

டைம் ஆபீஸ் சன்னல் கம்பிகளுக்கு அடியில் கை மட்டும் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. ஓர் ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் அதன் வழியாக ஒரு ஸ்கேன் அறிக்கை உள்ளே வந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்து, நுனியெல்லாம் சுருங்கிக் கிடந்தன. நாள் முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரில் கையை விட்டு இறாலின் தலையைக் கிள்ளுகிற யாருக்கும் அப்படித்தான் ஆகும். காகிதத்தின் ஒரு மூலை நனைந்திருந்தது. நல்லவேளையாகத் தேதி தப்பியிருந்தது. பிரசவத்துக்கு அக்டோபர் கடைசி வாரம் என்று குறித்திருந்தார்கள். "எது வரைக்கும் வரணும்னு சொல்லுங்க மேடம். அது வரைக்கும் வாரேன்" என்றாள் வெளியில் நின்றவள்.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டியிருந்த அந்த இறால் பதப்படுத்தும் ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் டைம் ஆபீஸ் என் பொறுப்பில் இருந்தது. யார் எத்தனை நாள் வந்தார்கள், எந்த விடுப்புக்கு எந்தப் படிவம், எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் என்பதுதான் என் உலகம். மேலாளர்கள் வருவார்கள், போவார்கள். சட்டத்தில் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று வந்தவர்களெல்லாம் என்னிடம் கேட்டார்கள். புத்தகத்தைத் திறக்காமலே பதில் சொல்லுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நாசரேத்துப் பக்கத்து வாத்தியார் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது ஒன்றுதான் அனுமதிக்கப்பட்ட கர்வம்.

பெண்களை அங்கே மேசை எண்ணால் அறிவோம். இவள் நாலாம் மேசைக்காரி. திரேஸ்புரம் பக்கத்துக்காரி, கணவன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். அந்த வருடம் மார்ச் முதல் வாரத்தில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஏற்கெனவே ஒரு பையன் இருந்தான். அவனைப் பெற்றபோது வேறொரு சின்னக் கம்பெனியில் இருந்தாளாம். அங்கே விடுப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நாற்பதாம் நாள் திரும்பிப் போய் ஐஸ் தண்ணீரில் கை வைத்தாள். பால் கட்டி, காய்ச்சல் கண்டு, கடைசியில் பையன் புட்டிப்பாலில்தான் வளர்ந்தான். இந்தத் தடவை ஆறு மாதமாவது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் ஆலையில் அதற்கு வழி இருந்தது. பருவகால ஆலை என்று பதிவு செய்து ஈ.எஸ்.ஐ.யிலிருந்து தப்பித்திருந்த முதலாளியால் பேறுகாலச் சட்டத்திலிருந்து தப்பிக்க முடியவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு இருபத்தாறு வாரம் விடுப்பு.

அவள் எதிரிலேயே வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலைத் திறந்து எண்ணினேன். தடைக்காலத்துக்கு முன்னால் முப்பத்துநாலு நாள். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடை வந்துவிட்டது. அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆலைக்குச் சரக்கு வராது, யாருக்கும் வேலை இல்லை. அந்த நாட்களுக்கு வருகைக் கட்டங்களில் குறுக்காக ஒரே ஒரு நீளக் கோடு இழுப்பது எங்கள் வழக்கம். கடல் திறந்த பிறகும் வரத்து மந்தம். வாரத்துக்கு மூன்று நாள்தான் கூப்பிட்டோம். அதில் இருபத்துநாலு. ஆக ஐம்பத்தெட்டு, இன்னும் இருபத்திரண்டு வேண்டும். அக்டோபர் முதல் வாரம் வரைக்கும் வந்தால் சரியாகிவிடும் என்றேன். அவள் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, வருகிறேன் என்று போனாள்.

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். என் மகன் பிறந்த அன்று காலையில்கூட நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள். அலுவலகப் பெண்களுக்குள் அது ஒரு பெருமை. பிரசவத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கூட வீணாக்காமல் விடுப்பு முழுவதையும் பிள்ளைக்கென்று சேர்த்து வைப்பதில் எங்களுக்குள் போட்டியே நடந்தது. நான் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து போட்ட கையெழுத்தும், ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸோடு எட்டு மணி நேரம் நிற்பதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

செப்டம்பரில் அவளால் குனிந்து பூட்ஸ் மாட்ட முடியவில்லை. பக்கத்து மேசைக்காரி தினமும் தரையில் உட்கார்ந்து மாட்டிவிடுவாள். "ஏளா, உனக்கு பூட்ஸ் மாட்டியே என் இடுப்பு போச்சு. நாளைக்கு உன் மாப்பிள்ளைய அனுப்பு" என்பாள். "அவரு நடுக்கடல்ல நிக்காரு. குதிச்சு வரச் சொல்லவா?" என்பாள் இவள். அதைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலைக்கு அவளை மாற்றச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். பதப்படுத்தும் கூடத்துக்குள் மரச் சாமான் எதுவும் போகக் கூடாது என்பது ஏற்றுமதி விதி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்க இரண்டு கையெழுத்து தேவைப்பட்டது. உற்பத்தி மேலாளர், "மேடம், இது கம்பெனியா, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். சட்டப்படி இரண்டுக்கும் நடுவில் என்று சொன்னேன். நாற்காலி வந்தது. அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மறுபடி சன்னலுக்கு வந்தாள். கால் இரண்டும் வீங்கிப் பூட்ஸுக்குள் நுழையாமல், ஆண்களின் பெரிய அளவு பூட்ஸைப் போட்டிருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, இனிமேல் வேலைக்குப் போகக் கூடாது, படு என்று திட்டி அனுப்பியிருக்கிறாள். மாமியாரோ, அந்தக் காலத்தில் தான் தலைச்சுமையோடு மீன் விற்றுக்கொண்டே பெற்றவள் என்று ஒரு பாட்டம் பேசியிருக்கிறாள். இவளுக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. படித்தவள், விதி தெரிந்தவள் என்று என்னிடம் வந்தாள்.

"நின்னுக்கிடவா மேடம்?"

மஸ்டர் ரோலைப் பார்த்தேன். எழுபது. "இன்னும் பத்து நாள்தான். அதையும் முடிச்சிட்டா நல்லது" என்றேன்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பத்துதான?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எழுபத்தேழாம் நாள் காலை பத்தரை மணிக்கு, லேபிள் கட்டு கையில் இருக்க, கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லி நாற்காலியிலிருந்து சரிந்தாள். கூடத்துப் பெண்கள் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பூட்ஸ் கழற்ற வரவில்லை, கத்தரியால் அறுத்தோம். ஆட்டோவில் நானும் போனேன். அரசு ஆஸ்பத்திரியில் அன்று சாயந்தரமே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். குறித்த தேதிக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்கும் குறைவு. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தாய்க்கு நினைவு தெளிய இரண்டு நாள் ஆனது. தெளிந்ததும் முதலில் பிள்ளையைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "மூணு நாள் குறையுதே மேடம்" என்றாள்.

அந்த மூன்று நாளுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று பார்க்கத்தான் பல வருடங்களுக்குப் பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். எண்பது நாள் என்று சொல்லும் அதே பிரிவின் அடியில், சின்ன எழுத்தில், ஒரு விளக்கம் இருக்கிறது. வேலை கொடுக்க முடியாமல் நிறுவனம் நிறுத்திவைத்த நாட்களையும் வேலை செய்த நாட்களாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. தொழிலாளர் சட்டப் பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த வாக்கியம்தான். ஆனால் தடைக்காலத்தை இந்தக் கரையில் யாரும் அப்படி நினைப்பதில்லை. வெயில் மாதிரி, மழை மாதிரி, வருடத்துக்கு ஒரு தடவை வருவது அது. கடல் அடைத்திருக்கிறது என்போமே தவிர, கம்பெனி வேலை கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். அதுவரை நான் இழுத்த கோடுகளில் ஒன்றைக்கூட ஒரு பெண்ணின் வேலை நாளாக நான் பார்க்கவில்லை.

ஞாயிறுகளைக் கழித்து அந்தக் கோட்டை எண்ணினேன். கடல் திறந்த அன்றே அவளுக்கு எண்பது தாண்டியிருந்தது. ஸ்கேன் அறிக்கையை நீட்டிய அன்றே, எண்பதுக்காக இனி நீ வர வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். முன்னால் எடுக்கும் வாரங்கள் பின்னால் குறையும், ஆகவே இன்னும் கொஞ்ச நாள் வருகிறேன் என்று அவளே முடிவு செய்திருக்கவும் கூடும். நர்ஸ் திட்டிய அன்று நிச்சயமாக நின்றிருப்பாள். முடிவு அவளுடையது. என் பதிலால் அது அவள் கைக்கே போகவில்லை. பத்தொன்பது நாள், என் வாய்ச்சொல்லை நம்பி வந்திருக்கிறாள்.

மேலாளருக்குக் குறிப்பு எழுதினேன். 'விளக்கத்தின்படி இப்பணியாளர் முழுத் தகுதி பெறுகிறார்' என்று அழகாக எழுதினேன். எப்போதிலிருந்து தகுதி பெற்றார் என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. மேடம் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்து நாலாம் மேசைக்காரிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று ஆலையெங்கும் பேச்சு. குழந்தையோடு வீடு திரும்பிய வாரம் அவள் கணவன் ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்து கொடுத்து, கைகூப்பிவிட்டுப் போனான். வாங்கிக்கொண்டேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது என்ன சமாதானம் என்று இப்போது யோசித்தால் எனக்கே புரியவில்லை.

அன்று பிறந்த பெண் இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வயதுக்குச் சின்ன உருவம், கனமான கண்ணாடி. கண்ணாடிக்கும் அந்தப் பத்தொன்பது நாளுக்கும் தொடர்பு உண்டா என்று நான் எந்த மருத்துவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

போன மாதம் நாலாம் மேசைக்காரி என் வீட்டுக்கு வந்தாள், தங்கையையும் கூட்டிக்கொண்டு. தங்கை அதே ஆலையில் வேலை பார்க்கிறாள், ஏழு மாதக் கர்ப்பிணி. சட்டங்களையெல்லாம் சேர்த்துக் கட்டிப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் எண்பது அப்படியே இருக்கிறது. தங்கை எது வரைக்கும் போகணும் என்று நாலாம் மேசைக்காரி கேட்டாள். தங்கை வேலை பார்த்த நாட்களைச் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். தடைக்காலத்தைத் தனி வரியாக எழுதிக் கூட்டினேன். எண்பதுக்கு மேல் போய்விட்டது, நாளைக்கே நிற்கலாம், இல்லை முடிந்த வரை போகலாம், உடம்பையும் டாக்டரையும் கேட்டு அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்றேன். நாலாம் மேசைக்காரி அந்தத் தனி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இத எண்ணியிருக்கலாமோ மேடம்?"

எண்ணியிருக்க வேண்டும் என்றேன். முழுவதையும் சொன்னேன். நர்ஸ் திட்டிய அன்று அவள் வந்து சேர்க்க வேண்டிய நாள் ஒன்றுகூட மீதி இருக்கவில்லை என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"அன்னைக்கே சொல்லியிருந்தியன்னா ஏசியிருப்பேன்" என்றாள் நாலாம் மேசைக்காரி. "ஆபீஸ் வாசல்ல நின்னு, ஊரு கேக்க ஏசியிருப்பேன். இப்ப அதுக்குக்கூட தெம்பு இல்ல."

பிறகு என் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கினாள். தங்கையைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, "மார்ச்சுல எத்தன நாள் போன, சொல்லு" என்று முதலிலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எண்ணி முடியும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.