ஏழாவது துண்டு

மருந்துக்கடை உறையொன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிய ஒரு துண்டு என் பேர்ஸுக்குள் இருக்கிறது. பென்சில் எழுத்து, பாதி மங்கிவிட்டது. "மூண்டாவதாய்ப் பாடின பாட்டு. தாய் விளக்கை நூர்த்துப்போட்டு இருட்டுக்குள்ளை இருக்கிற அடி. இன்னொருக்காப் பாடுவீங்களோ?" கீழே பெயர் இல்லை. வாழ்க்கையில் நான் விட்ட பகிடிகளுக்கெல்லாம் சேர்த்துக் கிடைத்த பரிசு அது.

என் மச்சான், மாமாவின் மகன், பகலில் நெல்லியடியில் மோட்டார் சைக்கிள் திருத்துவான். இரவில் பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிற்றாரோடு பாடுவான். நான் கிணற்றடியில் வாய் திறந்தாலே அடுத்த வளவு நாய் எழும்பிப் போய்விடும். அவனுக்குக் கனடா விசா கிடைத்த வாரம், பேக்கரி ஒன்றின் மேல்மாடியில், சொந்தப் பாட்டுப் பாடுகிறவர்களுக்கென்று மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். மோட்டார் சைக்கிளை ஓட்டியபடியே சொன்னான்: "மச்சான், இண்டைக்கு ஆரும் ஒரு ஆள் என்ரை பாட்டைத் துண்டிலை எழுதிக் கேட்டாலே காணும், நான் போகேல்லை. இல்லையெண்டால் கிற்றாரை உனக்குத் தந்திட்டுப் போறன்."

"ஐயோ வேண்டாம், ஊர் தாங்காது" என்றேன்.

கோயில் திருவிழாவில் இசைக்குழு பாடும்போது, விரும்பிய பாட்டைத் துண்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அதை இங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். துண்டுகளைப் போட ஒரு வெறும் பிஸ்கட் ரின் கைமாறிக்கொண்டே இருந்தது. வந்திருந்ததோ பதினைந்து பேர். முதலில் பாடிய இருவருக்கும் வந்த துண்டுகள் எல்லாம் சினிமாப் பாட்டுத்தான் கேட்டன. மச்சானுக்கும் இதுதான் நடக்கும் என்று பேனையை எடுத்து வைத்துக்கொண்டேன். கடைசியாக ஏறிய மச்சான் நாலு பாட்டுப் பாடினான். நான் குனிந்திருந்து, அவனுடைய பழைய பாட்டொன்றைக் கேட்டு ஆறு துண்டு எழுதினேன். ஒன்று இடக்கையால், ஒன்று எழுத்தைச் சாய்த்து, ஒன்று "கொடிகாமம் ரசிகை" என்று, இன்னொன்று "வட்டுக்கோட்டையிலிருந்து குடும்பத்தினர்" என்று. அவனைப் போகாமல் நிற்பாட்டிவிட வேண்டும் என்ற அந்தத் தவிப்பிலும் பகிடி விடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ரின்னைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தான். முகம் முதலில் மலர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல அணைந்தது. பாடவில்லை. சபையைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து, எல்லாவற்றையும் என் சட்டைப் பையில் செருகினான்.

"வட்டுக்கோட்டைக் குடும்பம் எந்தக் கதிரையிலையடா இருக்கினம்?"

வெளியே எடுத்துப் பார்த்தேன். ஏழு துண்டு.

"டேய், நான் ஆறுதான் எழுதினனான். இது என்ரை இல்லை, அம்மாவாணை!"

"போன கிழமை எனக்கு லொத்தர்ச் சீட்டிலை காசு விழுந்ததெண்டும் அம்மாவாணைதான் சொன்னனி."

"பென்சிலைப் பாரடா, உறையைப் பார்!"

"ஓம், கடதாசியும் மாத்தியிருக்கிறாய். கெட்டிக்காரன்."

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் படியில் நின்று, இறங்கியவர்களிடமெல்லாம் துண்டை நீட்டிக் கேட்டேன். என்னைத் தெரிந்தவர்கள். அடுத்த பகிடி என்று நினைத்துச் சிரித்தபடி போனார்கள். எழுதியவர் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். மச்சான் பத்தாம் நாள் விமானம் ஏறினான்.

இப்போது ரொறன்ரோவில் பெட்டி அடுக்குகிறான், பாடுவதில்லை. வீடியோவில் வரும்போதெல்லாம் இந்தத் துண்டைக் கமராவுக்கு முன் பிடிக்கிறேன். "உந்தப் பகிடியை இன்னும் விடேல்லையே?" என்று சிரிக்கிறான். அந்த அடியையாவது ஒருதரம் பாடு என்றால், "மறந்துபோச்சு மச்சான்" என்கிறான். கிற்றார் என் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. நான் மாதம் தவறாமல் அந்த மேல்மாடிக்குப் போய், பாடுகிறவரைப் பார்க்காமல் எழுதுகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் துண்டை எழுதியவரைக் கண்டுபிடித்தால் மன்னிப்புக் கேட்பதற்கு முன் வேறொன்று கேட்க வேண்டும். மூன்றாவது பாட்டு, மச்சான் அன்றுதான் முதன்முதலாகப் பாடிய புதுப் பாட்டு. அவன் அதைப் பாடியபோது, நான் குனிந்திருந்து வட்டுக்கோட்டைக் குடும்பத்துக்கு ஒரு கையெழுத்துத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இருக்கிறாள் என்பதே இந்தத் துண்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஏன் இருந்தாள் என்று தெரியாது.