பெரியம்மாவுக்குத் தொழில் இல்லை

‘டொக், டொக்’ என்று பலகைத் தளத்தில் கைத்தடி இடிபடும் சத்தத்தோடுதான் கொட்டாஞ்சேனையில் என் பன்னிரண்டாவது வயது தொடங்கியது. ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் கட்டிலுக்கடியில் இருக்கும் மூத்திரச் ‘சட்டி’, மூன்று என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். தட்டுகிறவர் என் பெரியம்மா, அம்மாவின் தமக்கை. சிறு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவருடைய இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு, படம் ‘கீறுகிற’ கையையும் யாருக்கும் சலுகை காட்டாத நாக்கையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு வார இதழின் கதைகளுக்கு அவர்தான் படம் வரைந்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகப் பியோன் வருவான் என்பதால் திங்கட்கிழமைகளில் எங்கள் வீட்டில் யாரும் உரத்துத் தும்முவதில்லை.

நாங்கள் இருந்தது ஒடுங்கிய ஒரு மாடிவீட்டின் மேல்தளம். அப்பா கோட்டையில் ஒரு கந்தோரில் கடிதம் எழுதும் இலிகிதர், அம்மா ஆசிரியை, நான் பள்ளி மாணவி. பகலில் பெரியம்மா மட்டுமே வீட்டில் இருப்பார். கீழ்த்தளத்தில் தையல் தைத்துக்கொண்டிருந்த பிலோமினா அன்ரி என்ற கத்தோலிக்கப் பெண்மணிதான் அந்தத் தட்டுகளுக்குக் காது கொடுத்தவர். தட்டும்போதெல்லாம் மேல்பலகையிலிருந்து தூசி அவருடைய தையலில் கொட்டும். “அக்கா, மணப்பெண்ணு சட்டையில ஒங்க வீட்டுக் குப்பைதான் சரிகை” என்று சொல்லிக்கொண்டே படியேறி வருவார்.

அந்த வருடம் பெரியம்மாவின் முகமும் பாதங்களும் வீங்கத் தொடங்கின. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, சிறுநீரகம் இரண்டும் பழுதாகிக்கொண்டு வருகிறது, மருந்தால் தள்ளிப்போடலாம், சுகமாக்க முடியாது என்று சொன்னார்கள். உப்பில்லாத சாப்பாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு சமையல் செய்ய நேரமில்லாத அம்மா வீடு முழுவதற்கும் உப்பை நிறுத்திவிட, அப்பா கந்தோர் மேசையின் இழுப்பு லாச்சியில் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று வைத்துக்கொண்டார். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது ஆஸ்பத்திரி தந்த விடுகைத் துண்டின் அடியில் இருந்த ஒரு வரி: ‘தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்படுகிறார், வீட்டு நிலைமை அறிக்கைக்கு உட்பட்டு.’ அறிக்கை சரியில்லாவிட்டால், குணமாகாத நோயாளருக்கென்று கொழும்புக்கு வெளியே இருந்த அரசாங்க விடுதி ஒன்றுக்கு அவர் போக வேண்டும். அங்கே கட்டில் உண்டு, நேரத்துக்குக் கஞ்சி உண்டு, ஏழு மணிக்கு விளக்கு அணையும். மை, தூரிகை, பலகை எதற்கும் அனுமதியில்லை. படுக்கை விரிப்புகள் அழுக்காகுமாம்.

பின்னாளில் இதே வகை அறிக்கைகளை எழுதும் உத்தியோகத்துக்கே போய் அதிலேயே இளைப்பாறிப் பென்சன் எடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். வீட்டைப் பார்க்க வரும் உத்தியோகத்தர் தேடுவது இரண்டே விஷயங்கள்: இந்த ஆள் பகலில் விழுந்தால் யார் தூக்குவார்கள்? இந்த ஆளுக்கு இந்த வீட்டில் எழும்புவதற்கு ஏதாவது காரணம் உண்டா? இரண்டுக்கும் எங்களிடம் முதல்தரமான பதில் இருந்தது. அந்த இரண்டு பதில்களையும் நாங்கள் மிகக் கவனமாக ஒளித்து வைத்தோம்.

அரசாங்கத்து ஆள் வீட்டுக்கு வருகிறார் என்றால் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்ன செய்யும்? வெள்ளையடிக்கும். கட்டிலையொட்டிய சுவரில் பெரியம்மா வருடக்கணக்காகத் தூரிகை துடைத்து உண்டாக்கிய கறுப்பும் சிவப்புமான காட்டை அம்மா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சுண்ணாம்பால் மூடினார். மைப்போத்தல்களையும் வரைபலகையையும் அரைகுறைப் படங்களையும் மூட்டையாகக் கட்டிக் கீழ்வீட்டில் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு பென்சில் துண்டுகூட மிஞ்சாமல் நான் அதைச் செய்து முடித்தேன். அன்று அப்பா என்னைக் ‘கெட்டிக்காரி’ என்றார். பிலோமினா அன்ரிக்கும் ஒரு வேண்டுகோள் போயிற்று: உத்தியோகத்தர் நிற்கும்வரை மேலே வர வேண்டாம், பிறத்தியார் கையில் நோயாளியை விட்டிருக்கிறோம் என்று நினைத்துவிடுவார். பெரியம்மாவைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை உடுத்தித் தலையணையில் சாய்த்த பிறகு அம்மா கும்பிட்டார்.

“அக்கா, உன்ரை காலிலை விழுறன். அவ போகுமட்டும் வாயைத் திறக்காதை.”

வந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. உயரமானவர், மூக்குக் கூர்மையானவர், சப்பாத்தைக் கழற்றாமலே அறைக்குள் வந்தார். அப்பா சிங்களத்தில் குழைந்து குழைந்து மொழிபெயர்த்தார். இவர் பகல் முழுவதும் என்ன செய்வார் என்று கேட்டபோது அம்மா பெருமையோடு முந்திக்கொண்டார்.

“ஒண்டும் செய்யவிடுறேல்லை, மிஸ். பூப்போலை வைச்சிருக்கிறம்.”

அப்பா ‘பூ’வைத் தவிர்த்து ‘ஒன்றும் செய்வதில்லை’ என்பதை மட்டும் மொழிபெயர்த்தார். பகலில் யார் துணை என்றதற்கு, கடவுள் துணை என்ற பொருள்பட ஏதோ சொன்னார்கள். பெண்மணி தலையை உயர்த்தாமல் எழுதினார். பெரியம்மா வாய் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் சொன்ன சொல் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

பத்து நாளில் கடிதம் வந்தது. தொழில்: இல்லை. பகல்நேரப் பராமரிப்பு: இல்லை. விடுதியில் சேர்ப்பதற்குச் சிபார்சு செய்யப்படுகிறது. பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அம்மா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பெரியம்மா அழவில்லை. புதுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“என்னைச் சாமி மாதிரிச் சோடிச்சு வைச்சியள். சாமிக்கு வீட்டிலை என்ன வேலை? கோயிலுக்குத்தானே கொண்டுபோவினம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “கெட்டிக்காரி, என்ரை சாமானுகளைக் கொண்டா” என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. அப்பா மேன்முறையீட்டை ஆங்கிலத்தில் நான்கு தடவை எழுதினார்; நான்கிலும் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ இருந்தான், பெரியம்மா இருக்கவில்லை. அம்மா கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறி நடந்தார். நான் பள்ளியில் கணக்குப் பாடத்தின் நடுவே, இப்போது வீட்டு வாசலில் விடுதி வாகனம் வந்து நிற்கிறதோ என்று நினைத்து விடையைப் பிழையாக எழுதினேன். மூட்டை கட்டியவள் நான்தான் என்பது யாரும் எனக்குச் சொல்லிக்காட்டத் தேவையில்லாத ஒரு செய்தியாக இருந்தது.

பெரியம்மா தன் மேன்முறையீட்டைக் கீறினார். அந்த வருகையே படம். இளித்தபடி அம்மா, கேள்விக்குறியாய் வளைந்த அப்பா, மூட்டையைக் கட்டிக்கொண்டு படியிறங்கும் நான், கீழே கதவிடுக்கில் ஒரு கண்ணாகப் பிலோமினா அன்ரி, கட்டிலில் மாலை போட்ட சிலையாகத் தான். நடுவே, மூக்கின் நுனி படிவத்தைத் தொடும்படி குனிந்து, ‘இல்லை’ என்று எழுதும் உத்தியோகத்தர். அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“மச்சாள், இதை அனுப்பினால் விடுதிக்கில்லை, பொலிசிலை பிடிச்சு மறியலுக்குத்தான் அனுப்புவினம்.”

“அங்கையாவது உப்புப் போடுவினம்” என்றார் பெரியம்மா.

அப்பா அதை ‘இணைப்பு 1’ என்று குறித்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் ‘கிடைத்தது’ முத்திரையும் வாங்கி வந்தார். பயந்த மனிதர்தான், ஆனால் முத்திரையில்லாமல் ஒரு கடிதத்தையும் கைவிடாதவர். நான் அவரிடமிருந்து பெற்ற சொத்து அது ஒன்றே.

அந்தப் பெண்மணி முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு வந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை; அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நிலமெங்கும் தாள், என் தாடைக்குக் கீழே நான் பிடித்திருந்த வரைபலகை, பெரியம்மாவின் வாயில் ஒரு தூரிகை, கையில் ஒன்று. “ஆட்டாதையடி! உனக்கென்ன சன்னதமா?” என்ற ஏச்சை வாசலில் நின்று கேட்டவர், கைப்பையிலிருந்து படத்தை எடுத்து விரித்தார்.

“மகே நஹய மெஹெமத?” என் மூக்கு இப்படியா என்று கேட்டார்.

பெரியம்மா படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். “டிக்கக் அடு கரலா, மிஸ்.” கொஞ்சம் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை, கட்டிலில் ஈரமில்லாத ஓர் இடம் தேடி உட்கார்ந்து, விழுந்தால் யார் வருவார்கள் என்று கேட்டார். பெரியம்மா தடியை எடுத்து மூன்று தரம் இடித்தார். கழுத்தில் அளவுநாடாவும் கையில் கத்தரிக்கோலுமாகப் பிலோமினா அன்ரி மூச்சுவாங்க வந்து நின்றார். “என்னக்கா, விழுந்துட்டீங்களா?” அதற்குள் பியோனும் வந்து, படம் இன்னும் காயவில்லையா என்று உத்தியோகத்தரையே அதட்டினான். அவர் படிவத்தில் ‘இல்லை’ என்பதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே ‘ஓவியர்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். முறையான திருத்தம், இன்றுவரை நான் அதைவிடச் சுத்தமான ஒன்றைக் கண்டதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு என்று நிபந்தனை.

இத்தோடு எல்லாம் இனித்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் வீட்டில் வைத்திருப்பது என்பது ஒருவரும் முழுதாக நித்திரை கொள்ளாத ஒரு வேலை. அம்மா மெலிந்தார். வலி வந்த நாட்களில் பெரியம்மா தட்டும் தட்டுக்குக் கணக்கே இருக்காது. ஒருநாள் அம்மா குசினிக்குள் நின்று, “அண்டைக்கே போயிருக்கலாம்” என்று சட்டிகளுக்குச் சொன்னதை நான் கேட்டேன். பெரியம்மாவும் கேட்டிருப்பார், நடுவே இருந்தது பலகைத் தடுப்புத்தானே.

மூன்றாவது மீளாய்வில் அந்தப் பெண்மணி எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அதற்குப் படிவத்தில் இடமில்லை. மரியாதைக்குக் கேட்டதாகத்தான் இருக்கும்.

“கீழை இறங்கவேணும்” என்றார் பெரியம்மா.

யாரும் இவரைக் கீழே இறக்கிக் கொண்டுபோகக் கூடாது என்றுதானே ஒன்பது மாதம் பாடுபட்டோம். அப்பாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. “பிறகென்னத்துக்கு மச்சாள் இவ்வளவு பாடும்?”

“வீட்டிலை இருக்கவேணுமெண்டு கேட்டனான். கட்டிலிலை இருக்கவேணுமெண்டு எப்ப கேட்டனான்?”

அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் இறங்கியதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குக் கணக்கில் வந்தது. அடுத்த ஞாயிறு பின்னேரம், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அயல்வீட்டுக்காரர் இருவர் அவரைப் பிரம்புக் கதிரையில் இருத்தி அப்படியே தூக்கினார்கள். நானும் பிலோமினா அன்ரியும் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினோம். “வாழைத்தார் இறக்கிறியளோ, ஆளை இறக்கிறியளோ?” என்று ஒவ்வொரு படிக்கும் ஏச்சு. பக்கத்துப் பேக்கரி ஓரத்து நடைபாதையில் கதிரையை வைத்தோம். பென்சிலும் தாளும் கொடுத்தேன், வாங்கவில்லை. அதுவரை ஜன்னலிலிருந்து உச்சந்தலைகளாக மட்டும் பார்த்த சனத்தை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்காரன், சைக்கிள்காரன், பூசை முடிந்து வந்த பெண்கள், எல்லாரும் ஒரு கணம் நின்று கதைத்துவிட்டுப் போனார்கள். தெருவிளக்கு எரிந்ததும், “போதும் அக்கா, ஏறுவம்” என்றார் அம்மா.

“பொறு” என்றார். ஒரு மணி நேரம் பொறுத்தோம்.

இன்னும் நான்கு ஞாயிறுகள் இறக்கினோம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கு முந்திய வியாழன் முற்பகல், அம்மா பள்ளியில் இருந்தபோது, பிலோமினா அன்ரியின் கையில் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் கட்டிலிலேயே போய்விட்டார். அந்த வாரப் படங்கள் முடிந்திருந்தன.

நான் இப்போது வெள்ளவத்தையில், மின்தூக்கி உள்ள கட்டிடமொன்றின் ஆறாம் மாடியில் இருக்கிறேன். படிவத்தில் இப்போது ‘சம்பந்தப்பட்டவரின் விருப்பம்’ என்று ஒரு கட்டம் உண்டு. சேர்த்த குழுவில் நானும் இருந்தேன். பெரும்பாலும் அதை மகன்மார் நிரப்புகிறார்கள். போன மாதம் ஏதோ இருப்புக்கொள்ளாமல் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எங்கள் வீட்டின் இடத்தில் கண்ணாடிக் கட்டிடம். பேக்கரி கைத்தொலைபேசிக் கடையாகியிருந்தது. நடைபாதையைக் கடைச் சாமான்களும் முச்சக்கரவண்டிகளும் எடுத்துக்கொண்டிருந்தன. பெரியம்மா இருந்த இடம் எதுவென்று ஓரளவு கணித்து நின்றேன். “நோனா, வழிவிடுங்க” என்று இரண்டு பேர் சொன்னார்கள், மூன்றாவது ஆள் சொல்லாமலே இடித்தார். ஒரு கதிரை வைக்க இடமில்லை.