ரோசம்மா பாட்டில் நாலு எண்ணிக்கை

1. மூன்றே கார்ட்

பேண்டில் சேர்ந்த முதல் நாளே அந்தப் பாட்டை நான் இளக்காரமாக நினைத்துவிட்டேன். புதிதாக மேடை ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுவதால், முதலிலேயே அதை ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் ஈப்போவில் பகலில் டயர் கடையில் குமாஸ்தா வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண டின்னர்களுக்கு வாசிக்கும் பேண்டில் கித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவுகிறவர்கள். விடிவதற்கு முன்னால் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் கிராணி என்கிற கணக்கர் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் போய் நிற்பார்கள். நான் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான் சின்ன வயதிலேயே டவுனில் மாமா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். கித்தாரையும் நான் புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றேன்.

பேண்டில் பாடுகிறவன் மரியதாஸ். லாரி டிரைவர். என்னைவிட மூன்று வயது மூத்தவன். நோட்ஸ் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு டின்னரிலும் ஆட்டப் பாட்டுகளுக்கு நடுவே தன் கித்தாரோடு தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுவான். அவனே கட்டிய பாட்டு. இறந்துபோன அவன் அம்மா ரோசம்மாவைப் பற்றியது. கித்தாரில் ஜி, சி, டி. மூன்றே கார்ட். கடைசி அடிகள் இப்படி வரும்:

கிராணி பேரை வாசிச்சாரு,
ரோசம்மான்னு வாசிச்சாரு...

இங்கே கித்தாரும் குரலும் நின்றுவிடும். நாலு எண்ணிக்கை. அப்புறம்,

அடுத்த பேரை வாசிச்சாரு.

அவ்வளவுதான் பாட்டு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் கரண்டிச் சத்தம்கூட அந்த இடத்தில் அடங்கிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் புரியவில்லை. மரியதாஸுக்கு அந்த இடத்தில் வாசிக்க ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் விட்டுவிடுகிறான் என்றே நினைத்தேன்.

2. அவன் கேட்டது

ஒரு வருஷம் கழித்து மரியதாஸுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆப்பரேஷன் செய்தால் குரல் திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின வாரம் டயர் கடைக்கே வந்து நின்றான்.

"மச்சான், ஸ்டெல்லா கல்யாணத்துல நீதான் நம்ம பாட்டப் பாடணும்."

ஸ்டெல்லா அவன் தங்கை. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"செனாங் லா, சுலபம்தான். மூணு கார்ட்தானே?"

அவன் சிரித்தான். "கார்டு சூசா இல்லடா, கஷ்டமே இல்ல. அந்தப் பேரு வாசிக்கிற எடத்துல கைய கம்பி மேல வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். அதான் சூசா."

"சும்மா இருக்கிறதுகூட ஒரு வேலையா?"

"ஸ்டெல்லா கேட்டது இது ஒண்ணுதான் மச்சான். நக வேணாம், பொடவ வேணாம், அந்தப் பாட்டு மட்டும் போதும்னுட்டா. அம்மா இருக்குற மாதிரி இருக்குமாம்."

மறுநாளே பயிற்சியைத் தொடங்கினேன். செனாங் இல்லை என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. வார்த்தை தாளத்தோடு சேர்ந்து வராது. கை ஒருமுறை இறங்கிய பிறகு, அரை எண்ணிக்கை தள்ளித்தான் வரும். பாடினால் கை நின்றது. கையை ஓடவிட்டால் வார்த்தை தடுக்கியது. மூன்று வாரம் வாயால் எண்ணியே கம்பிகளை ஸ்ட்ரம் செய்தேன். டயர் கடை மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததற்காக முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். ஒருவழியாகக் கையும் வாயும் பிரிந்து தனித்தனியாக ஓட ஆரம்பித்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டவன் அந்த நாலு எண்ணிக்கையை மட்டும் ஒருநாளும் பழகவில்லை. அதைவிட மோசம், அங்கே போடுவதற்கென்று மேல் ஸ்வரத்திலிருந்து கீழே வேகமாக இறங்கும் ஒரு கித்தார் ஓட்டத்தை ரகசியமாகத் தயார் செய்தேன். மரியதாஸால் முடியாததை நான் செய்து காட்டுகிறேன் என்ற நினைப்பு.

3. கல்யாண டின்னர்

ஆப்பரேஷன் முடிந்து மரியதாஸுக்குக் காற்றாகத்தான் பேச்சு வந்தது. அப்பாவும் இல்லாத வீடு. அண்ணனாக அவனே தங்கையைக் கோயிலில் கைபிடித்து அழைத்துப்போய் நின்றான். டின்னரில் மண்டபக் கதவோரம் நின்று எல்லாரையும் வரவேற்றான். என் அம்மாவும் வந்திருந்தார்.

நான் தனியாக உட்கார்ந்து பாடினேன். நன்றாகவே போனது. ஸ்டெல்லா மாலையைக்கூடக் கழற்றாமல் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ரோசம்மான்னு வாசிச்சாரு" என்று முடித்தேன். மண்டபம் அடங்கியது. இருநூறு முகங்கள் என்னைப் பார்த்தன. கையை வைக்கத்தான் போனேன் என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. ஏதோ மறந்துவிட்டு நிற்கிறேன் என்று நினைப்பார்களே என்று தோன்றியது. கை தானாக ஓட்டத்தை அவிழ்த்துவிட்டது.

அதைக் கேட்ட டிரம்மர், தனக்குச் சைகை என்று நினைத்துத் தாளம் போட்டார். இளவட்டங்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அடுத்த பேரை வாசித்த வரியை ஆட்டப் பாட்டாகத்தான் பாடி முடித்தேன். அதுவரை எனக்கு அவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை.

ஸ்டெல்லா மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மரியதாஸ் என் தோளில் கை வைத்தான். "தேங்ஸ் மச்சான்," என்று காற்றாகச் சொன்னான். அவ்வளவுதான்.

4. அம்மா சொன்னது

பஸ்ஸில் அம்மா டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கேட்டார்: "அந்தப் பேரு வாசிச்சதும் என்னத்தடா அப்படிக் கொட்டுனே?"

"அங்க காலியா இருந்துச்சும்மா."

"காலியாத்தான்டா இருக்கும். ஆளு போயிடுச்சுல்ல?" அம்மாவின் குரல் தணிந்தது. "முந்தின நாளு செத்துருக்கும். கிராணி பழக்கத்துல பேர வாசிச்சுடுவாரு. வந்துட்டேன்யான்னு சொல்ல ஆளு இருக்காது. நாங்க எல்லாம் தரையப் பாத்துக்கிட்டு நிப்போம். அவரும் தப்பு தெரிஞ்சு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, அப்புறந்தான் அடுத்த பேரு. அந்தக் கல்யாணப் பொண்ணு அன்னிக்கிப் பெரட்டுல நின்னுருக்கும்டா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்," என்றார் அம்மா. "ஒன்னத்தான் நாங்க அங்க நிக்கவே விடலியே."

மன்னிப்புக் கேட்க மறு வாரம் மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். டயரைப் பற்றிப் பேசினோம். டயர் விலையைப் பற்றியும் பேசினோம். பிறகு நான் வந்துவிட்டேன். சில மாதங்களில் அவன் வேலை தேடி ஜொகூர் பக்கம் போய்விட்டான். பேண்டுக்கு அவன் திரும்பவே இல்லை.

5. சித்தியவானில்

அதன்பிறகுதான் அந்த நாலு எண்ணிக்கையைப் பழகினேன். மற்ற பாட்டு முழுவதற்கும் எடுத்த நாட்களைவிட அதற்கு அதிகம் பிடித்தது. கை கம்பிமேல் இருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. மூச்சை மைக்கில் விடக் கூடாது. மூன்றில் எடுத்துவிடத் துடிக்கும், எடுக்கக் கூடாது.

நாலைந்து வருஷம் கழித்துச் சித்தியவானில் ஒரு டின்னர். அந்தப் பாட்டைப் பாடினேன். நிறுத்தினேன். நாலு வரை எண்ணினேன். கண்ணைத் திறந்தபோது பின்வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு ஸ்டெல்லா நின்றிருந்தாள். கல்யாணம் ஆகி அந்த ஊருக்குத்தான் வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

முடிந்ததும் மேடை அருகே வந்தாள்.

"சரியாப் பாடுனீங்கண்ணே."

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ம்." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அன்னிக்குத்தான்ண்ணே எனக்கு வேணும்னு இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

மேடை ஏறுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பாட்டில் ஓர் இடம் காலியாக இருந்தால், உங்கள் கித்தாரை எடுப்பதற்கு முன்னால், அங்கே யார் நின்றிருந்தார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. மரியதாஸ் கடைக்கே வந்து சொன்னபோதுகூடக் கேட்கவில்லை.