அண்ணனின் வெள்ளைச் சப்பாத்து

நாளைக்கு மகளுக்குப் பள்ளிக்கூட ஓட்டப்போட்டி என்று லா ஷப்பல் தமிழ்க் கடையில் குளுக்கோஸ் பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். வீட்டில் அதைத் திறந்து மணந்ததும், பாதிரிமார் கட்டிய எங்கள் ஊர்க் கல்லூரியும், பிறகு சண்டையில் ஆமிக்காரரின் முள்ளுக்கம்பிக்குள் போய்விட்ட அதன் மைதானமும் வந்து நின்றன: பனியில் நனைந்த புல், சுண்ணாம்புக் கோடுகள், கரகரக்கும் ஒலிபெருக்கி, மாணவரைப் பிரித்த விளையாட்டு இல்லங்களில் இல்லத்துக்கொரு கொடி, சோக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கி மதிலில் காயவைத்த கன்வஸ் சப்பாத்துகள்.

என்னுடையது அண்ணன் போட்டுக் கழித்தது. நுனியில் கடதாசி அடைத்திருந்ததை வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. விளையாட்டுப்போட்டியன்று அணிநடையில், பிரதம விருந்தினருக்கு நேரே எல்லோரும் முகத்தை வலப்பக்கம் திருப்பிய நேரம், ஒரு சப்பாத்து கழன்று பறந்தது. நிற்கக்கூடாது என்பது சட்டம்; நடந்தேன். பின்னால் வந்தவர்கள் அதில் தடக்கி, மாதக்கணக்காய்ப் பழகிய நடை குழம்பியது. எங்கள் சிவப்பு இல்லம் கடைசி.

"லெப்ட், றைட்" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன இல்லத் தலைவி வதனியக்கா என்னை ஏசவில்லை. சப்பாத்தைத் தேடியெடுத்து, வெளியே வந்த கடதாசியை மறுபடி உள்ளே அடைத்து, என் காலடியில் வைத்தா.

"பெரிசெண்டு முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை. என்ரையைத் தந்திருப்பன்."

களைப்பாற எல்லோருக்கும் கொடுத்த குளுக்கோஸில் தன் பங்கையும் என் உள்ளங்கையில் கொட்டினா. என்னால் நக்க முடியவில்லை. அது வியர்வையில் பசையாகும்வரை கையைப் பொத்தியே வைத்திருந்தேன்.

மகள் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். குனிந்து அதன் நுனியை அழுத்திப் பார்த்தேன்.

"அளவாத்தான் இருக்கு, மமோன்" என்றாள், அம்மாவைப் பிரெஞ்சில் கூப்பிட்டு.

முகத்தை நிமிர்த்தாமல் இன்னொருதரம் அழுத்தினேன்.